டர்பனில் ஒரு பணியாளர் தெரிவுச் சேவை: மதிப்பெண் யார் கையில் இருக்க வேண்டும்?

டர்பனின் ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டையில் மசாலாப் பொடிகளை அரைத்துப் பொட்டலமிடும் சிறு தொழிற்கூடம் ஒன்றை நடத்தி வருகிறேன். எடை போடுவதற்கும், பொட்டலங்களுக்கு முத்திரை ஒட்டுவதற்கும், சரக்குப் பதிவேடு எழுதுவதற்கும் ஆள் தேவை என்று அறிவித்தால், உம்லாசி, பீனிக்ஸ், சாட்ஸ்வர்த் என்று எல்லாப் பக்கங்களிலிருந்தும் விண்ணப்பங்கள் குவிகின்றன. விண்ணப்பித்தோரில் பெரும்பாலோர் பள்ளியிறுதித் தேர்வில் தேறியவர்கள், முன் வேலை அனுபவம் இல்லாதவர்கள். தாளில் பார்த்தால் ஒருவருக்கும் மற்றவருக்கும் வேறுபாடு தெரிவதில்லை. இந்த நிலையில், விண்ணப்பதாரர்களுக்குத் திறன் தேர்வு நடத்தி, தரவரிசைப் பட்டியல் தரும் தனியார் சேவை ஒன்றை அண்மையில் பயன்படுத்தினோம். இதே முறையில் இயங்கும் சேவைகள் பல இருப்பதாலும், நான் சொல்லப்போகும் குறை அந்த முறையைச் சார்ந்தது என்பதாலும், அந்நிறுவனத்தின் பெயரை இங்கே தரவில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேர்வு தரமானது, கொடுத்த பணத்துக்குப் பயன் உண்டு. ஆனால் தேர்வு எழுதிய இளைஞருக்குத் தம் மதிப்பெண் தெரிவிக்கப்படுவதில்லை. அது முதலாளிக்கு மட்டுமே வந்து சேர்கிறது. இச்சேவையின் மிகப் பெரிய குறை இதுவே என்று கருதுகிறேன். இதைப் பற்றித் தென்னாப்பிரிக்காவிலேயே நடந்த பொருளியல் ஆய்வுகள் தெளிவாகப் பேசுகின்றன.

சேவை இயங்கும் விதம் எளிது. விண்ணப்பதாரர்களின் பட்டியலை நாம் அனுப்பினால், அவர்களைத் தம் மையத்துக்கு அழைத்துக் கணினியில் தேர்வு வைக்கிறார்கள். எண் கணக்கு, அறிவுறுத்தல்களைப் படித்துப் புரிந்துகொள்ளுதல், கவனச் சிதறலைத் தாங்குதல், வேலையை வரிசைப்படுத்தித் திட்டமிடுதல் ஆகியவை தனித்தனிப் பகுதிகளாக இருக்கின்றன. ஆங்கிலத்திலோ ஜூலுவிலோ எழுதலாம். எண் கணக்குப் பகுதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது: கிராம், கிலோ, சதவீதம், மீதிச் சரக்கு என்று தொழிற்கூடத்தில் உண்மையில் போட வேண்டிய கணக்குகளே வருகின்றன, பாடப்புத்தகச் சமன்பாடுகள் இல்லை. திட்டமிடும் பகுதியும் அப்படியே. முடிவுகள் சில நாள்களில் வந்தன. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்க அறிக்கையும், அனைவருக்குமான தரவரிசையும் இருந்தன.

கட்டணம் ஒரு விண்ணப்பதாரருக்கு, குறைந்தபட்சக் கூலி பெறும் ஒருவரின் ஒரு வாரச் சம்பளத்தை விடக் குறைவு. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது, சட்டப்படியான 45 மணி நேர வாரத்துக்கு அது ஏறத்தாழ 1,295 ராண்ட் ஆனது. பொருந்தாத ஒருவரை எடுத்து, பயிற்சி கொடுத்து, ஓரிரு மாதங்களில் அவர் விலகிப்போனால் ஏற்படும் இழப்போடு ஒப்பிட்டால் இது பெரிய செலவு அன்று. வேலை தேடுவோரிடம் இவர்கள் எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை. 2014ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டம் அப்படி வாங்குவதைத் தடை செய்திருக்கிறது. இருந்தும் பதிவுக்கட்டணம், படிவக்கட்டணம் என்ற பெயர்களில் இளைஞர்களிடம் பணம் பறிக்கும் இடைத்தரகர்கள் இந்நகரில் இருக்கிறார்கள் என்பதால், இதைக் குறிப்பிட்டுப் பாராட்ட வேண்டும்.

தரவரிசையைப் பார்த்ததும் எங்கள் மேற்பார்வையாளர், முதலிடத்தில் இருந்தவரை விட்டுவிட்டு ஆறாவதாக இருந்தவரை எடுக்கலாம் என்றார். நேரில் பேசியபோது அவரே சுறுசுறுப்பானவராகத் தெரிந்தார் என்பது காரணம். இந்த இடத்தில் முதலாளிகள் ஓர் ஆய்வை அறிந்திருப்பது நல்லது. மிட்செல் ஹாஃப்மன், லிசா கான், டேனியல் லீ ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, குறைந்த பயிற்சி தேவைப்படும் சேவைப் பணிகளுக்கு ஆள் எடுத்த 15 நிறுவனங்களின் பதிவுகளைக் கொண்டது. தேர்வுமுறை வந்த பிறகு சேர்ந்தவர்கள், முன்பு சேர்ந்தவர்களை விட ஏறத்தாழ 15 சதவீதம் கூடுதல் காலம் வேலையில் நீடித்தார்கள். தேர்வு முடிவை மீறித் தம் விருப்பப்படி ஆள் எடுத்த மேலாளர்கள் தெரிந்தெடுத்தவர்களோ, சராசரியாக விரைவில் விலகினார்கள். மேலாளர்களுக்குத் தேர்வு காட்டாத எதுவோ தெரிந்திருந்தால் விளைவு இதற்கு மாறாக இருந்திருக்க வேண்டும். நாங்கள் தரவரிசையை மாற்றாமல் எடுத்தோம். சேர்ந்தவர்கள் பதிவேட்டைத் துல்லியமாக எழுதுகிறார்கள். எடைப் பிழைகளைத் தாமே கண்டு சொல்கிறார்கள். ஒரு சிறு தொழிற்கூடத்தின் சில மாத அனுபவம் எதையும் நிறுவிவிடாது. ஆனால் அந்த ஆய்வு சொல்வதோடு எங்கள் அனுபவம் முரண்படவில்லை.

இந்நாட்டில் தேர்வு என்றதும் எழும் நியாயமான அச்சம் ஒன்று உண்டு. நல்ல பள்ளி வாய்க்காதவர்களை, ஆங்கிலம் வீட்டு மொழியாக இல்லாதவர்களை, தேர்வு என்ற பெயரில் மீண்டும் வெளியே நிறுத்திவிடுவோமா என்பதே அது. அமெரிக்காவின் சில்லறை விற்பனை நிறுவனம் ஒன்றின் 1,363 கடைகளை டேவிட் ஆட்டரும் டேவிட் ஸ்கார்பரோவும் ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரை, தேர்வுமுறை வந்த பின் பணியாளர்கள் கூடுதல் காலம் நீடித்ததையும், சிறுபான்மையினர் சேர்க்கப்படும் விகிதம் குறையவில்லை என்பதையும் காட்டியது. அங்கே கண்டது இங்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. அதனால்தான் 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் தன் 8ஆம் பிரிவில், இத்தகைய உளவியல் தேர்வுகள் அறிவியல்படி நம்பகமானவை என்று காட்டப்பட்டிருக்க வேண்டும், எல்லாருக்கும் நியாயமாகப் பொருந்த வேண்டும், எந்தக் குழுவுக்கும் எதிராகச் சாய்ந்திருக்கக் கூடாது என்று விதிக்கிறது. இந்த விதிக்கு உரிய சான்றாவணத்தைக் கேட்டோம், தயங்காமல் அனுப்பினார்கள். ஆங்கிலப் பதிப்பின் நம்பகத்தன்மை அதில் விரிவாக விளக்கப்பட்டிருக்கிறது. ஜூலுப் பதிப்பு அதே அளவுக்குச் சோதிக்கப்பட்டதா என்பது அதில் இல்லை. வாங்க நினைப்பவர்கள் இந்தக் கேள்வியை எழுத்தில் கேட்டுப் பதில் பெறுவது நல்லது.

தேர்வில் தேறி வந்தவர்களைப் பார்த்தபோது எனக்கு இன்னொன்றும் உறைத்தது. நம் தமிழ்க் குடும்பங்களின் சிறு தொழில்களில் ஆள் எடுப்பது பெரும்பாலும் கோவிலில், திருமண வீட்டில், ஏற்கெனவே வேலை செய்பவரின் வழியாகத்தான் நடக்கிறது. தெரிந்தவர் சொன்னால் நம்பலாம் என்பது அதற்கு அடிப்படை. ஆனால் தெரிந்தவர் இல்லாதவர் என்ன செய்வார்? கேப் டவுன் பகுதி இளைஞர்களைப் பற்றி ஜெரமி மக்ரூடர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, தந்தை உடன் வாழும் மகன்களுக்கு வேலை கிடைக்கும் விகிதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருந்ததாகவும், தந்தையரின் தொடர்புகள் மகள்களுக்கு அப்படி உதவவில்லை என்றும் கண்டது. சிபாரிசு வழியாக மட்டும் ஆள் எடுத்தால், தந்தையை இழந்த வீட்டுப் பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் கதவு பாதி மூடியே இருக்கிறது. எங்கள் தரவரிசையின் முதல் ஐந்து இடங்களில் பெரும்பாலோர் பெண்கள். எங்கள் வட்டத்தில் யாருக்கும் அவர்களைத் தெரிந்திருக்கவில்லை. இதற்காகவே இச்சேவைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இப்போது குறைக்கு வருகிறேன்.

எடுக்கப்படாத விண்ணப்பதாரர் ஒருவர் தொழிற்கூடத்துக்கு வந்து, தம் தேர்வு அறிக்கையின் படி ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். அடுத்த இடத்தில் வேலை கேட்கும்போது காட்டலாம் என்பது அவர் எண்ணம். அவர் மோசமாகச் செய்தவர் அல்லர். எங்களுக்குத் தேவைப்பட்ட இடங்கள் நிரம்பிவிட்டன, அவ்வளவுதான். சேவை நிறுவனத்திடம் கேட்டபோது, அறிக்கை வாடிக்கையாளருக்கு உரியது, வெளியாருக்குத் தருவது ஒப்பந்தத்துக்கு முரண் என்று பதில் வந்தது. அந்த இளைஞர் மினிபஸ் டாக்சிக்குக் காசு கொடுத்து அந்த மையத்துக்குப் போய், அரை நாள் உட்கார்ந்து எழுதிய தேர்வின் முடிவைப் பொறுத்தவரை, அவரே வெளியார் ஆகிவிட்டார்.

இது எவ்வளவு பெரிய வீண் என்பதைப் புரிந்துகொள்ள எலியானா கரான்சா, ராபர்ட் கார்லிக், கேட் ஆர்கின், நீல் ரேங்கின் ஆகிய நால்வரின் ஆய்வைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இது 2022இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் வெளியானது. ஜோகன்னஸ்பர்க்கில், இளைஞர் வேலைவாய்ப்புக்காக இயங்கும் ஹராம்பே அமைப்போடு சேர்ந்து, வேலை தேடும் இளைஞர்களுக்கு ஆறு வகைத் திறன் தேர்வுகளை நடத்தினார்கள். தேர்வு எல்லாருக்கும் ஒன்றே; முடிவை எப்படித் தெரிவிப்பது என்பதில்தான் குழுக்கள் வேறுபட்டன. ஒரு குழுவுக்கு, பெயரும் அடையாள எண்ணும், தேர்வை நடத்திய அமைப்புகளின் முத்திரையும் உள்ள சான்றிதழ், முதலாளிகளிடம் காட்டக்கூடிய வடிவில் பல படிகளாகத் தரப்பட்டது. இன்னொரு குழுவுக்கு அதே முடிவுகள், பெயரோ முத்திரையோ இல்லாத தாளில் தரப்பட்டன. அவர்கள் தம்மைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம், ஆனால் பிறரை நம்பவைக்க முடியாது. மூன்றாவது குழுவுக்கு எதுவும் தரப்படவில்லை.

மூன்று நான்கு மாதங்களுக்குப் பிறகு விசாரித்தபோது, எதுவும் பெறாதவர்களில் 31 சதவீதத்தினர் வேலையில் இருந்தனர். காட்டக்கூடிய சான்றிதழ் பெற்றவர்களில் அது ஏறத்தாழ 36 சதவீதம். வார வருவாய் 34 சதவீதம் கூடியிருந்தது. பெயரில்லாத தாளில் முடிவைப் பெற்றவர்களும் தம் திறனைச் சரியாக உணர்ந்து, அதற்கேற்ற வேலைகளைத் தேடத் தொடங்கினார்கள். ஆனால் வேலையிலும் வருவாயிலும் அவர்கள் அடைந்த பலன் சான்றிதழ் பெற்றவர்களின் பலனை விடக் குறைவு. முடிவை முதலாளிகளுக்கு மட்டும் அனுப்பிப் பார்த்த தனிச் சோதனையில், நேர்காணலுக்கு அழைக்கும் விகிதம் கூடியது. ஆக, தகவல் இல்லாமை இரு பக்கமும் இருக்கிறது: முதலாளிக்கு விண்ணப்பதாரரின் திறன் தெரியவில்லை, விண்ணப்பதாரருக்கும் தம் திறன் தெளிவாகத் தெரியவில்லை. இரண்டையும் ஒரே தாள் தீர்க்கிறது. நாங்கள் வாங்கிய சேவை அந்தத் தாளை அச்சிடும் தொலைவு வரை வந்துவிட்டு, அதை ஒரு பக்கத்திடம் மட்டும் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறது.

2025இன் முதல் காலாண்டில் இந்நாட்டின் வேலையின்மை விகிதம் 32.9 சதவீதம் என்று புள்ளியியல் துறை அறிவித்தது. 15 முதல் 24 வயது வரையுள்ளவர்களிடையே அது 60 சதவீதத்தைத் தாண்டியது. 2024ஆம் ஆண்டில் பள்ளியிறுதித் தேர்வில் தேறியவர்கள் 87.3 சதவீதம். இவ்வளவு பேர் வைத்திருக்கும் சான்றிதழால் ஒருவரைத் தனித்துக் காட்ட முடியாது. வேலையைச் செய்து காட்டினால்தான் திறன் தெரியும், திறன் தெரிந்தால்தான் வேலை கிடைக்கும் என்ற முடிச்சில் சிக்கியிருக்கும் பிள்ளைகள் இவர்கள். அவர்களில் ஒருவரின் திறனைப் பணம் செலவழித்து அளந்தபின் அதை மறைத்துவைப்பது எனக்கு ஒப்பவில்லை.

தொழில் செய்யும் நண்பர்களிடம் இதைச் சொன்னபோது ஒரே எதிர்ப்புத்தான் வந்தது: காசு கொடுத்தது நான், சான்றிதழைக் கையில் கொடுத்தால் அவர் பக்கத்துத் தொழிற்சாலைக்குக் கூடுதல் சம்பளத்துக்குப் போய்விடுவார். இந்த எதிர்ப்பில் உண்மை இருக்கிறது. அதை ஒதுக்கக் கூடாது. அமாண்டா பலே 2014இல் வெளியிட்ட ஆய்வு இதே முடிச்சைத்தான் ஆராய்ந்தது. ஓடெஸ்க் என்ற இணைய வேலைச் சந்தையில், தரவு உள்ளிடும் சிறு வேலைகளுக்கு 952 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து, வேலை முடிந்ததும் அவர்களைப் பற்றிய மதிப்பீட்டை எல்லாரும் பார்க்கும்படி பதிந்தார். அடுத்த இரண்டு மாதங்களில் அவர்களுக்கு மற்ற முதலாளிகளிடம் கிடைத்த வேலையும் வருவாயும் கூடின. அனுபவமற்றவர்களிடையே, விரிவான மதிப்பீடு பெற்றவர்களுக்கு இன்னும் கூடுதல். ஒருவரின் திறனைக் கண்டறியும் செலவை முதல் முதலாளி ஏற்கிறார், பலனோ அந்தப் பணியாளருக்கும் அடுத்து வரும் முதலாளிகளுக்கும் போகிறது. அதனால்தான் முதல் வேலை கொடுக்க யாரும் முன்வருவதில்லை.

இதிலிருந்து, முடிவை மறைத்துவைப்பதே முதலாளிக்கு லாபம் என்று சிலர் முடிவுகட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவர் நன்றாக வேலை செய்பவர் என்பது எனக்கு மட்டுமே தெரிந்திருந்தால், அவர் சம்பளத்தை உயர்த்த வேண்டிய அவசியம் எனக்கு இருக்காது என்பது உண்மைதான். ஆனால் அது தொழிலின் உற்பத்தித்திறனால் வந்த லாபம் அன்று. அடுத்தவரின் அறியாமையால் வந்த லாபம். மேலும், எடுக்கப்படாதவர்களுக்குச் சான்றிதழ் தருவதில் எனக்கு எந்த நட்டமும் இல்லை. அவர்கள் என்னிடம் வேலை செய்யவே போவதில்லை. அவர்களுக்காவது தரலாமே என்று கேட்டதற்கும் சேவை நிறுவனத்திடம் பதில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2021 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், அதாவது நாம் போபியா என்று சொல்லும் சட்டம், தம்மைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. எனவே அந்த இளைஞர் எழுத்தில் கேட்டால், ஒப்பந்தத்தைக் காட்டி மறுத்துவிட முடியாது என்பது என் புரிதல். ஆனால் தேர்வுக்கு முன் கையெழுத்து வாங்கும் படிவத்தில் இந்த உரிமையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. உரிமை இருப்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார்? அப்படியே கேட்டுப் பெற்றாலும், கோப்பிலிருந்து எடுத்த ஒரு தாளுக்கும், சரிபார்க்கும் எண்ணோடு முதலாளிகள் நம்பும்படி அச்சிட்ட சான்றிதழுக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் அந்த ஜோகன்னஸ்பர்க் ஆய்வின் மையமே.

வேலையிலிருந்து விலகுபவருக்குப் பணிச்சான்று தர வேண்டும் என்று 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தின் 42ஆம் பிரிவு முதலாளிகளைக் கட்டாயப்படுத்துகிறது. பெயர், பதவி, சேர்ந்த நாள், விலகிய நாள், கடைசிச் சம்பளம் ஆகியவை அதில் இருக்கும். எப்படி வேலை செய்தார் என்பது இருக்காது. அதைச் சொல்வது பரிந்துரைக் கடிதம்தான். மார்ட்டின் ஏபெல், ரூலோஃப் பர்கர், பாட்ரிசியோ பிராய்னோ மூவரும் இந்நாட்டில் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், விண்ணப்பத்தோடு முன்னாள் முதலாளியின் கடிதத்தை இணைத்து அனுப்பியபோது பதில் அழைப்புகள் 60 சதவீதம் கூடின. அந்தப் பலன் பெரும்பாலும் பெண்களுக்கே கிடைத்தது. ஒரு பக்கக் கடிதத்துக்கு இவ்வளவு வலிமை இருக்கிறது என்பதை அறிந்த பின், எங்களிடமிருந்து விலகும் எவரையும் கடிதம் இல்லாமல் அனுப்புவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

சேவையின் விளம்பரத் தாளில் உள்ள ஒரு கூற்றையும் மறுக்க வேண்டும். சரியான ஆளை எடுத்தாலே உற்பத்தித்திறன் தானாக உயரும் என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறார்கள். மும்பைக்கு அருகே தாராப்பூர், உம்பர்காவ் பகுதிகளின் நெசவாலைகளில் நிக்கோலஸ் புளூம் குழுவினர் நடத்தி 2013இல் வெளியிட்ட சோதனையில், ஆலையைச் சுத்தமாக வைத்தல், பழுதுகளைப் பதிவு செய்தல், கையிருப்பைக் கணக்கிடுதல், ஊக்கத்தொகை போன்ற 38 மேலாண்மை நடைமுறைகளைச் சீராக்கியதால் முதல் ஆண்டில் உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது. ஆள்களைத் தேர்வு வைத்துப் பொறுக்கியதால் வந்த உயர்வு அன்று அது. நல்ல ஆள் ஒழுங்கில்லாத கூடத்துக்கு வந்தால், சாக்குகளுக்கிடையே மிளகாய் வற்றலைத் தேடியே பொழுதைக் கழிப்பார். தெரிவுச் சேவை வாங்கும் பணத்துக்கு உரிய வேலையைச் செய்கிறது. அதற்கு மேல் அது வாக்களிக்க வேண்டியதில்லை.

சிறு விஷயங்கள் சில. தொலைபேசியில் பேசினால் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். 18 முதல் 29 வயது வரையுள்ளவர்களைச் சேர்க்கும் முதலாளிக்கு 2014 முதல் கிடைக்கும் வேலைவாய்ப்பு வரிச் சலுகைக்கான விவரங்களையும் அறிக்கையோடு தொகுத்துத் தருகிறார்கள். கணக்காளருக்கு அது வசதி. மையம் நகரின் ஒரே இடத்தில் இருப்பது, இரண்டு டாக்சி மாறி வருபவர்களுக்குச் சுமை. மாதத்தில் சில நாள்களாவது உம்லாசியிலும் பீனிக்ஸிலும் தேர்வு வைக்கலாம்.

மீண்டும் இச்சேவையை வாங்குவேனா என்றால், வாங்குவேன்; ஆனால் பழைய ஒப்பந்தத்தில் இல்லை. தேர்வு எழுதும் ஒவ்வொருவருக்கும், எடுக்கப்பட்டாலும் எடுக்கப்படாவிட்டாலும், பெயரும் முத்திரையும் சரிபார்க்கும் எண்ணும் உள்ள சான்றிதழ் தரப்பட வேண்டும் என்ற நிபந்தனையை எழுதி அனுப்பியிருக்கிறேன். மதிப்பெண்ணை எண்ணாகத் தராமல், ஜோகன்னஸ்பர்க்கில் செய்ததுபோல் ஒவ்வொரு திறனிலும் மேல், நடு, கீழ் என்ற மூன்று பிரிவுகளில் ஒன்றாகக் குறிக்கலாம். காட்டுவதும் காட்டாமல் விடுவதும் அவர் விருப்பம். அச்சுச் செலவை நாங்களே ஏற்கிறோம் என்றும் சொல்லியிருக்கிறேன். டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் இத்தகைய சேவைகளை வாங்கும் தமிழ்த் தொழில்முனைவோர், கையெழுத்திடும் முன் இதே நிபந்தனையைத் தங்கள் ஒப்பந்தத்திலும் சேர்க்கக் கேட்க வேண்டும். ஒரு வாடிக்கையாளர் கேட்டால் விதிவிலக்கு என்பார்கள்; பலர் கேட்டால் படிவத்தையே மாற்றுவார்கள்.